சர்வருக்கு எதற்கு அண்ணே டெஸ்க்டாப்?

காரைக்குடிப் பக்கம் கடைக்கோ ஓட்டலுக்கோ சர்வர், அதாவது மற்ற கம்ப்யூட்டர்கள் நம்பி ஓடும் நடுக் கம்ப்யூட்டர், போட்டுக் கொடுக்கப் போனால் விலைக்கு முன்னாடியே வரும் கேள்வி, "தம்பி, மானிட்டர்ல எல்லாம் தெரியும்ல?" கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து நின்றால், பாதி வேலையில் விட்டுவிட்டுப் போகிறான் என்று முதலாளி முகத்திலேயே எழுதியிருக்கும். எதற்கு வம்பு என்று, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் சர்வரிலும் டெஸ்க்டாப்பை, அதாவது ஜன்னலும் ஐகானுமாக மவுஸால் வேலை பார்க்கும் திரையை, ஏற்றிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ரேம் வீணாகிறது என்ற வாதத்தை நான் எடுக்க மாட்டேன். 16 ஜிபி உள்ள பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் வேறு. டெஸ்க்டாப் என்பது முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பிச் செய்த சாமான். அந்த நம்பிக்கையைச் சர்வருக்குள்ளும் கொண்டுவந்துவிடும். லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் ஒன்றான க்னோமை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த 3.28 பதிப்பிலிருந்து, கரண்டில் ஓடும் மெஷினாக இருந்தாலும் 20 நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தூங்கப் போய்விடும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-இலும் அப்படியே இருக்கிறது. பில் போடும் பத்து கம்ப்யூட்டர் அதை நம்பி ஓடுகிறதே என்பது அதற்குக் கணக்கில்லை. கீபோர்டும் மவுஸும் அசைந்தால்தான் ஆள் இருப்பதாக அர்த்தம். செக்காலை ரோட்டில் ஒரு கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் "சர்வர் ஹேங்க் ஆகுது" என்று புகார். பையன் வந்து ஒரு கீயைத் தட்டினால் சரியாகிவிடுமாம். போய்ப் பார்த்தால் இதுதான்.

அடுத்தது தூரம். கோளாறு வரும்போது நான் தேவகோட்டை பஸ்ஸில் இருப்பேன், சிக்னல் ஒரு கோடு காட்டும். அந்த நெட்டில் ரிமோட் டெஸ்க்டாப் படம் கட்டம் கட்டமாக வந்து நின்றுவிடும். தூரத்திலிருந்து சர்வருக்குக் கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் எழுத்தை மட்டும்தானே அனுப்புகிறது, போனில் கறுப்புத் திரையைத் தரும் டெர்மக்ஸ் ஆப் இருந்தால் போதும். வேலையை, சர்வரிலேயே ஓடும் டீமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் ஆரம்பித்துவிட்டால் நடுவில் லைன் அறுந்தாலும் அது பாட்டுக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"உனக்குத் தெரியும் சரி, நாளைக்கு வேறு ஆள் வந்தால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் அவர்கள் நினைப்பதற்கு நேர் எதிர். ஜன்னல் ஜன்னலாகத் திறந்து எங்கெங்கோ டிக் அடித்ததை அடுத்தவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கட்டளைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பது அப்படியே கிடைக்கும். டிஸ்க் போய்விட்டால் புதுப் பெட்டியில் அதையே ஓட்டலாம். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, அன்றாடக் குறிப்பை எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்பியவர்களின் ஊர் இது. எழுதி வைத்த கணக்கின் அருமையை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, சர்வரை பிரவுசரில் காட்டும் காக்பிட் என்ற புரோகிராம் இருக்கிறது. 9090 போர்ட்டில், அதாவது சர்வரின் அந்த எண் வாசலில், பிரவுசரைத் திறந்தால் டிஸ்க், மெமரி, சர்வீஸ், லாக் எல்லாம் தெரியும். யாரும் திறக்காதபோது அது ஓடுவதும் இல்லை. ஒன்று மட்டும், அந்தப் போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விட்டுவிடாதீர்கள்.

இதற்காக, கறுப்புத் திரையில் தட்டுகிறவன்தான் ஆம்பளை, மவுஸ் பிடிப்பவன் கத்துக்குட்டி என்று பேசும் கூட்டத்தோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கமாண்ட் லைன், அதாவது கட்டளை தட்டும் அந்தக் கறுப்புத் திரை, கேள்வி கேட்காது, அழி என்றால் அழித்துவிடும். ரெண்டு சர்வருக்கு ரெண்டு விண்டோ திறந்து வைத்துக்கொண்டு, தப்பானதை ரீபூட் பண்ணுவதற்கு ஒரு நொடி போதும். டெபியனில் மாலி-கார்ட் என்று ஒரு சின்ன பேக்கேஜ் உண்டு. எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து ஷட்டவுன் என்றால், எந்த மெஷின், பெயரைச் சொல் என்று கேட்கும். பெயர் தப்பினால் நகராது. இதைப் போடாமல் வீராப்பு பேசுவதில் அர்த்தமில்லை.

விண்டோஸ் கதை தனி. டெஸ்க்டாப் இல்லாத விண்டோஸ் சர்வரான சர்வர் கோர் 2008-லேயே வந்துவிட்டது. இப்போது இன்ஸ்டால் பண்ணும்போது அதுதான் முதலில் நிற்கும். திரை வேண்டுமென்றால் டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் என்று இருப்பதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைல் சர்வர், ஆபீஸ் லாகின்களைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் மாதிரி வேலைக்குக் கோரே போதும். ஆனால் நம் ஊரில் விண்டோஸ் சர்வர் வாங்குவதே பெரும்பாலும் கணக்கு எழுதும் டேலிக்காக. கிளைக் கடையில் இருக்கிறவர்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து ஒரே டேலியில் பதிவு போடுவார்கள். பல பேர் ஒரே நேரத்தில் அப்படி நுழைய வேண்டிய செஷன் ஹோஸ்ட் என்ற வசதி கோரில் கிடையாது. இங்கே ஆட்கள் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள், அதனால் டெஸ்க்டாப் வேண்டும்தான். 2012 பதிப்பில் கோர், டெஸ்க்டாப் இரண்டுக்கும் நடுவே பிறகு மாற்றிக்கொள்ளலாம். 2016-இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக் கோரைப் போட்டுவிட்டு டேலிக்காகத் தவிப்பவர்கள், பேக்கப் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ண வேண்டியதுதான்.