பதிவேட்டை மட்டும் நம்பி ஆய்வு செய்ய முடியாது

தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் அடுக்குமாடிகளுக்கு வந்த நம் குடும்பங்களில் நடக்கும் தற்கொலைகளை பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் கோட்பாட்டைக் கொண்டு ஆராயலாம் என்கிறார், அண்மையில் நான் படித்த கட்டுரையை எழுதியவர். வரவேற்கிறேன். 'அவனுக்கு மனசு சரியில்ல' என்று ஒதுக்கிவிடாமல், சமூகப் பிணைப்பையும் கட்டுப்பாட்டையும் பார்க்கச் சொன்னதுதான் 'தற்கொலை' என்ற துர்கைமின் 1897 நூலின் பலம்.

ஆனால் துர்கைம் பெரிதும் நம்பியது அரசாங்கப் புள்ளிவிவரங்களை. இங்கே மலேசியாவில் அந்தக் கணக்கு எப்படி உருவாகிறது? 2023 வரை தற்கொலை முயற்சியே தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி குற்றம். செந்தூலில் எங்கள் புளோக்கில் ஒரு பையன் இறந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் 'நெஞ்சு வலி' என்றே சொன்னார்கள். அவன் அத்தை மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து, "ஒண்ணும் கேக்காதீங்கம்மா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இது எந்தப் பட்டியலில் ஏறும்? அரசாங்கத் தற்கொலைக் கணக்கை நம்பலாமா என்பது, சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967லேயே எழுப்பிய கேள்வி.

இன்னொன்று, கட்டுரை நெறியின்மையோடு, அதாவது சமூகக் கட்டுப்பாடு தளர்வதால் வரும் தற்கொலையோடு, நின்றுவிடுகிறது. அளவுமீறிய கட்டுப்பாட்டால் வரும் தற்கொலையைத் துர்கைம் ஓர் அடிக்குறிப்பில்தான் தொட்டார். பெரட்டு (காலை ஆள்கணக்கு), மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (கணக்கர்) என்றிருந்த தோட்டத்துக்கும், இன்று ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் கடனில் மூச்சுத் திணறும் வீட்டுக்கும் அதுவே நெருக்கம் என்பேன்.

ஆய்வைத் தொடரும் மாணவர்கள் குடும்பத்தாரிடமும் கோயில் நிர்வாகத்தினரிடமும் நேரில் பேச வேண்டும். பெயரோ வீட்டு எண்ணோ வெளியே வராது என்று உறுதி கொடுங்கள். இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.