பத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்பதும் யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை நம் சபையின் அறுப்பின் பண்டிகையில் நடந்ததை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். காலையில் வேதாகமத்தின் மல்கியா மூன்றாம் அதிகாரத்திலிருந்து உக்கிராணத்துவத்தை, அதாவது தேவன் நம்மிடம் ஒப்படைத்ததைக் கையாளும் பொறுப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டோம். மத்தியானம் அன்பின் விருந்து முடிந்ததும், பிளாஸ்டிக் பூசிய தட்டுகளையும் கோப்பைகளையும் சாக்குச் சாக்காகக் கொண்டுபோய் ஆலயத்தின் பின்புறக் கால்வாயில் தள்ளினோம். அது சரியா என்று நான் கேட்டதற்கு, "உக்கிராணத்துவம் என்றால் காணிக்கை, தம்பி, குப்பை பஞ்சாயத்து காரியம்" என்று கமிட்டியிலுள்ள ஓர் அண்ணன் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

உக்கிராணம் என்ற சொல் சரக்கறையைக் குறிப்பது. உக்கிராணக்காரன் அந்தச் சரக்கறையின் சாவியை வைத்திருப்பவனே தவிர, உள்ளே இருக்கும் பொருளுக்குச் சொந்தக்காரன் அல்ல. தசமபாகம் என்று பத்தில் ஒன்று தேவனுக்கு, மீதி ஒன்பது எனக்கு என்று நாம்தான் பாகம் பிரித்திருக்கிறோம். "பூமியும் அதின் நிறைவும்" கர்த்தருடையது என்று 24-ஆம் சங்கீதம் பத்தையும் சேர்த்தே சொல்கிறது. அந்த நிறைவில் நம் கால்வாய்த் தண்ணீர் இல்லையா?

என் அம்மா அதிகம் படித்தவர் அல்ல. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். அந்தப் பிடியரிசி சபைக்கு. நம் மாவட்டத்தின் பல ஆலயங்களில் அப்படிப்பட்ட பிடியரிசியும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அம்மாவிடம் நான் கற்றது அந்தக் கலயத்தை மட்டும் அல்ல. ஒரு சனிக்கிழமை தேங்காய் வெட்ட வந்தவருக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லாததால் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று அப்பா சொன்னபோது, காணிக்கைக்கு எடுத்துவைத்திருந்த பணத்தை அம்மா என் கையில் கொடுத்து, "ஓடு மக்களே, அவரு வீட்டுல கொடுத்துட்டு வா, அவரு கூலி நம்ம கையில இருக்கும்போது நாம எப்படிக் கோயிலுக்குப் போறது?" என்றார். மறுநாள் காணிக்கைப் பையில் அம்மா போட்டது மிகவும் குறைவு. உக்கிராணத்துவம் என்றால் எனக்கு இன்றும் அந்தச் சனிக்கிழமைதான்.

கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணிசெய்த ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் சாமர்வெல் டாக்டரை நாம் மேடைதோறும் நினைவுகூருகிறோம். 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து இங்கே வந்தவர், காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் தமக்கு இருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரைத் தேர்ந்தெடுத்தார். அவர் கையின் திறமையையே எசமானுடையதாக எண்ணினார். அதில் பத்தில் ஒன்று என்ற கணக்கு எங்கே இருக்கிறது?

பஞ்சாயத்து காரியம் என்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அந்தத் தட்டுகளுக்கே தடை இருக்கிறது. வாழை இல்லாத ஊரா நம்முடையது? சபை ஏலத்தில் வாழைக்குலைக்கு ஆயிரக்கணக்கில் போட்டி போடும் நமக்கு, விருந்துக்கு இலை அறுத்துவர மனம் வரவில்லை.

சபை விஷயத்தை வெளியே பேசலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் முதலில் உள்ளேதான் பேசினேன். கிடைத்தது சிரிப்பு.

"நீ எவ்வளவு தசமபாகம் கொடுக்கிறாய்?" என்றும் ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார். ரசீதைக் காட்டினால்தான் பேசலாமா? அம்மா இருந்திருந்தால் அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? தசமபாகம் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களிடம், அதையும் செய்யுங்கள், இதையும் விடாதிருங்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார்.

நேற்று மாலை கால்வாயோரமாக நடந்துபோனேன். நம் தட்டுகள் மதகில் அடைத்து, தண்ணீர் கரை மீறி ஒரு வாழைத்தோப்புக்குள் பாய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாம் கைதட்டி ஏலம்விட்ட ஏத்தன் குலையைத் தந்த பெரியவரின் தோப்பு அது. அவர் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாமல் குச்சியால் தட்டுகளைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன், இருட்டும்வரை எடுத்தும் தீரவில்லை.

திரும்பும் வழியில்தான், விருந்துப் பாத்திரங்களைக் கழுவிய இரண்டு அக்காமாரையும் பார்த்தேன். அவர்களுடைய கூலியை ஏலப் பணத்தை எண்ணி முடித்த பிறகு தருவதாகக் கமிட்டியில் சொன்னார்களாம். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் சொல்கிறது, இன்று புதன்கிழமை. கமிட்டியிலுள்ள அண்ணன்மார் இதை வாசித்தால், எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அந்த அக்காமாருடைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.