எம்பிரஸ் 2021-ல் கட்டிய கப்பல் இல்லை

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலேறி கார்டிலியா கம்பெனியின் எம்பிரஸ் சொகுசுக் கப்பலில் போகலாம்னு இருக்கிறவங்க கவனத்துக்கு. "2021-ல் கட்டின புத்தம் புதுக் கப்பல்"னு இந்தக் கப்பலைப் பற்றி ஒரு அண்ணன் போட்டிருக்கிறது தப்பு. 2021 என்பது கார்டிலியா கம்பெனி வந்த வருஷம். கப்பல் 1990-ல் பிரான்ஸில் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் ராயல் கரீபியன் என்ற சொகுசுக் கப்பல் கம்பெனிக்காகக் கட்டியது, அப்போது பெயர் நார்டிக் எம்பிரஸ். 2004-ல் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ், அப்புறம் ஸ்பெயின் கம்பெனியான புல்மன்டூரிடம் போய், 2016-ல் திரும்ப ராயல் கரீபியனுக்கே வந்து, கடைசியாகத்தான் இங்கே. பெயர் எத்தனை தடவை மாறினாலும் ஐஎம்ஓ எண் (ஒவ்வொரு கப்பலுக்கும் கொடுக்கிற நிரந்தர அடையாள எண்) மாறாது, அதைப் போட்டுத் தேடினால் முழு ஜாதகமும் வந்துவிடும்.

புதுசு மாதிரி தெரியுதேன்னா, பழைய சேஸிஸில் புது பாடி கட்டின பஸ்ஸும் அப்படித்தான் தெரியும். கப்பலைப் பழுது பார்க்கத் தண்ணீர் இல்லாத உலர்துறையில் ஏற்றும்போது கார்பெட், குளியலறை, ஓட்டல், பார் எல்லாம் மாற்றுவார்கள். ஆனால் இரும்புச் சுவர்களை நகர்த்த யாரும் அவ்வளவு லேசில் துணியமாட்டார்கள், அதனால் அறை அளவு பெரும்பாலும் அன்றைக்கு இருந்ததுதான். மூணு நாலு ராத்திரிப் பயணத்துக்கென்றே வரைந்த கப்பல் இது, அறைகள் சின்னது, பால்கனி குறைவு.

பழசு என்பதால் ஆபத்து என்றும் கிளப்பிவிடாதீர்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருட்களை வைத்துக் கட்டிய பழைய கப்பல்கள் 2010-ல் வந்த சோலாஸ் (கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதியிலேயே கழிந்துவிட்டன. பால்கனி வேணும்னா மட்டும் முன்பதிவுக்கு முன்னாடி அறை வகையைப் பார்த்துக்குங்க.