கலிலியோ முதலில் மேடையேறியது சூரிக்கில்

"ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் கலிலியோ நாடகம் முதலில் அரங்கேறியது 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில், நடிகர் சார்லஸ் லாட்டன் ஜெர்மன் மூலத்தைப் படித்து மொழிபெயர்த்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை. முதல் அரங்கேற்றம் 1943 செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் சூரிக்கில், ஜெர்மனிலேயே நடந்தது. லாஸ் ஏஞ்சலஸில் வந்தது ஆங்கில வடிவம்.

அப்புறம், லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. பிரெக்ட்டின் ஆங்கிலமும் அரைகுறை. பிரெக்ட் தட்டுத்தடுமாறி நடித்துக் காட்டுவார். லாட்டன் அதை நல்ல ஆங்கிலத்தில் விதவிதமாகத் திருப்பி நடிப்பார். 'இதுதான்' என்று பிரெக்ட் சொன்ன பிறகே லாட்டன் அந்த வாக்கியத்தைக் கையால் எழுதிவைப்பார். நடுவில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. விஞ்ஞானியின் பொறுப்பு என்ன என்ற கேள்வி எழ, கலிலியோ திருச்சபைக்குப் பணிந்துபோனதை பிரெக்ட் இன்னும் கடுமையாகப் பார்க்கத் தொடங்கினார். ஆக, அந்த ஆங்கிலப் பிரதி இருவரும் சேர்ந்து திருத்தி எழுதிய புது வடிவம். அதை வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்குவது இருவரின் உழைப்புக்கும் செய்யும் அநியாயம்.