அரக்கனுக்கு என்ன வயது?

(இரவு நேரம். மாப்பிள்ளையின் மடியில் மூன்று வயது மகள் தூங்குகிறாள். டேப்லெட் திரையில் ஓர் அரக்கன். மாமனார் எட்டிப் பார்க்கிறார்.)

மாமா: என்ன மாப்பிள்ளை, தூங்காமல் பொம்மை வரைந்துகொண்டு?

மாப்பிள்ளை: மெதுவாக மாமா, எழுந்துவிடப் போகிறாள். பொம்மை இல்லை, அரக்கன். ஒரு கேமுக்காக. ஊரையே எரிக்கப் போகிறவன்.

மாமா: இவனா? தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறதே!

மாப்பிள்ளை: கேம் செய்கிறவர்களும் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்த ஆளை வரைந்தால், அவன் தலையை வைத்தே அளந்தால், உயரம் ஏழு, ஏழரைத் தலை வர வேண்டும். பிறந்த குழந்தைக்கு நாலே தலை. இவள் வந்ததிலிருந்து யாரை வரைந்தாலும் தலை பெருக்கிறது, கண் கீழே இறங்குகிறது. போன மாதம் ஒரு போர்வீரனுக்குக் கன்னத்தில் குழி விழுந்துவிட்டது.

மாமா: எதிரி கொஞ்சிவிட்டுப் போய்விடுவானே! சரி, கம்ப்யூட்டர்தானே, அழித்துவிட்டுப் போட வேண்டியதுதானே?

மாப்பிள்ளை: அழிக்கலாம். 1998 வரைக்கும் ஃபோட்டோஷாப் என்ற பட மென்பொருளில் ஒரே ஒரு அன்டூதான், கடைசியாகச் செய்ததை மட்டும்தான் அழிக்கலாம். அந்த வருஷம்தான், செய்ததையெல்லாம் வரிசையாக வைத்திருக்கும் ஹிஸ்டரி வந்தது. இப்போது படிப்படியாகப் பின்னால் போகலாம்.

மாமா: நல்ல வசதி.

மாப்பிள்ளை: படத்துக்கு வசதி. நேற்று ஒரு மணி நேரம் தாலாட்டி, இவளைக் கட்டிலில் இறக்கும்போது என் முட்டி ‘டக்’ என்றது. கண்ணைத் திறந்துவிட்டாள். அதற்கு எந்த பட்டனை அமுக்குவது மாமா?

மாமா: அது கிடக்கட்டும். முன்பெல்லாம் முடியைக்கூட ஒவ்வொன்றாக வரைவீர்கள். இப்போது நாலு கோட்டில் கடையைக் கட்டிவிடுகிறீர்களே?

மாப்பிள்ளை: வலது கையில் பேனா, இடது கையில் ஷார்ட்கட், அப்படித்தான் எங்கள் பிழைப்பு. இடது கையை இவள் எடுத்துக்கொண்டாள். ஜூம் பண்ணக்கூட ஆள் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது லேயர், அதாவது படத்தின் அடுக்குகள், போட்டவன் ஆறோடு நிற்கிறேன். எப்போது எழுவாள் என்று தெரியாது, அதனால் முதல் பத்து நிமிடத்திலேயே நிழலுருவமாக முழுப் படமும் நின்றாக வேண்டும். அப்புறம்தான் மூக்கு, முழி எல்லாம். பார்க்கிறவர்கள் ‘கோட்டில் என்ன சிக்கனம், என்ன முதிர்ச்சி’ என்கிறார்கள்.

மாமா: முதிர்ச்சியா?

மாப்பிள்ளை: கை மரத்துப்போனது மாமா.

மாமா: பேத்திக்கும் இந்தப் பேனாவைக் கொடுத்துப் பழக்கலாமே.

மாப்பிள்ளை: கொடுத்தேன். இது 8192 படி அழுத்தத்தைப் பிரித்தறியும். மெல்லத் தொட்டால் மயிரிழை, அமுக்கினால் பட்டைக் கோடு. இவளுக்குத் தெரிந்தது கடைசிப் படி மட்டும்தான்.

மாமா: அடப்பாவமே, மிச்சம் 8191 தண்டமா? சரி, இந்தக் குண்டு அரக்கனை என்ன செய்தீர்கள்?

மாப்பிள்ளை: நேற்று இவளுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தேன். பார்த்தாள் ஒரு பார்வை! நகவெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். இதோ பாருங்கள், புதுப் படம். உடம்பு எட்டுத் தலை, முகம் மட்டும் இவளுடையது. ஒரே ஒரு திருத்தம் சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

மாமா: ஐயோ, வயிற்றைக் கலக்குகிறதே! ஆனால் ஒன்று மாப்பிள்ளை, பேத்திக்குக் கோபம் வந்தால் அந்தப் புருவம் அப்படியே நான்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். (திரையை உற்றுப் பார்க்கிறார்) மாப்பிள்ளை... இந்தப் புருவம்...

மாப்பிள்ளை: அதைத்தான் மாமா பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். முழுசாக வைத்தால் விளையாடுகிற பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம்.