பழசு என்பதால் விழவில்லை

ஏர் ஷோவில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால் உடனே கிளம்பும் பேச்சு ஒன்றுதான்: "எண்பது வருஷத்துப் பழசு, விழாம என்ன பண்ணும்?" இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அங்கே செத்தவர்கள் எதனால் செத்தார்கள் என்பதை இந்த ஒரு வரி மூடி மறைத்துவிடுகிறது. விசாரணை அறிக்கைகளை வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்கள். உலோகத்தின் வயது முதல் காரணமாக வருவது அபூர்வம். சரியாகப் போடாத திட்டம், போதாத உயரம், அக்கறையில்லாத பராமரிப்பு, ஏற்றியிருக்கவே கூடாத பயணிகள், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

2022 நவம்பர் 12, அமெரிக்காவின் டாலஸில் நடந்த ஏர் ஷோ. பி-17 குண்டுவீச்சு விமானத்தில் ஐந்து பேர், பி-63 கிங்கோப்ரா போர் விமானத்தில் ஒருவர். எல்லோர் கண்முன்னும் நடுவானில் மோதி ஆறு பேரும் இறந்தார்கள். இரண்டு விமானங்களிலும் எதுவும் பழுதாகவில்லை. குண்டுவீச்சு விமானங்கள் 1,000 அடி காட்சிக் கோட்டில் வர வேண்டும், போர் விமானங்கள் அவற்றுக்கு முன்னால் கடந்து 500 அடிக் கோட்டுக்கு வர வேண்டும் என்று, தரையிலிருந்து காட்சியை வழிநடத்தும் ஏர் பாஸ் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு கோடுகளும் பார்வையாளர் பக்கத்திலிருந்து அளக்கும் பக்கவாட்டுத் தூரம் மட்டும்தான். யார் எந்த உயரத்தில் பறப்பது என்று முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் பாதையைக் குறுக்கே கடக்கப்போகிறது, இரண்டுக்கும் நடுவே உயர இடைவெளி என்று ஒன்றே கிடையாது.

கிங்கோப்ராவின் இருக்கையில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். முன்னால் போகும் விமானத்தை விடாமல் தொடர வேண்டும், அதனால் கண் முழுக்க அதன் மேல். இடது பக்கம் சாய்ந்து திரும்பும்போது மூக்கும் இறக்கையும் கண்ணாடிக்கூண்டின் சட்டங்களும் கீழே இருப்பதையும் முன்னால் இருப்பதையும் மறைத்துவிடும். மெதுவாகப் போகும் பி-17 அந்த மறைவுக்குள் இருந்தால், எவ்வளவு திறமையான விமானியாக இருந்தாலும் பார்க்க முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி தன் இறுதி அறிக்கையில் இதைத்தான் சொன்னது: முன்கூட்டியே விளக்கிச் சொன்ன பிரிப்புத் திட்டம் இல்லை, அந்தந்த நொடியில் ஏர் பாஸ் சொல்வதையும் "பார்த்து விலகிக்கொள்" என்ற முறையையும் மட்டுமே நம்பியிருந்தார்கள்.

குண்டுவீச்சு விமானங்களுக்கு ஒரு உயரம், போர் விமானங்களுக்கு அதற்கு மேல் 500 அடி தள்ளி இன்னொரு உயரம், காட்சி முடியும்வரை யாரும் மாற்றக் கூடாது என்று காலை விளக்கக் கூட்டத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. செலவும் இல்லை. அதனால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

2011 ஜூலை 10இல் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் ஸ்கைரெய்டர் தாக்குதல் விமானமும் பி-51 மஸ்டாங் போர் விமானமும் உரசியது அதிர்ஷ்டவசமாக உயிர்ப்பலி இல்லாமல் முடிந்தது. மஸ்டாங் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார், ஸ்கைரெய்டர் இறக்கை நுனியை இழந்தும் தரையிறங்கியது. வேகமும் எடையும் பார்வைக் கோணமும் வேறுவேறான விமானங்களை ஒரே கூட்டமாகப் பறக்கவிடுவது படத்துக்கு அழகு. ஆபத்தும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அடுத்து உயரம். 2015 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் ஷோர்ஹாம். ஹாக்கர் ஹன்டர் ஜெட் ஒன்று மேலே எழும்பி, உச்சியில் திரும்பி, வேறு திசையில் இறங்கும் வளைந்த லூப்பைத் தொடங்கியது. இந்த வித்தைக்கு இரண்டு எண்கள்தான் உயிர்: உள்ளே நுழையும் வேகம், உச்சியில் இருக்கும் உயரம். நுழையும் வேகம் 350 நாட் இருந்திருக்க வேண்டும், இருந்தது ஏறத்தாழ 310. மேலே ஏறும்போது எஞ்சினும் முழு விசையில் இல்லை. உச்சியில் குறைந்தது 3,500 அடி தேவை, கிடைத்தது சுமார் 2,700. அந்த உயரத்திலிருந்து கீழ் அரைவட்டத்தை முடிக்கவே முடியாது. விமானம் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. இறந்த பதினொரு பேரும் சாலையில் இருந்தவர்கள். விமானி பலத்த காயங்களோடு பிழைத்தார்.

இதில் மனதை அறுக்கும் தகவல் ஒன்று உண்டு. உச்சியைத் தாண்டி நான்கு நொடிவரைகூட விமானத்தை உருட்டி நேராக்கித் தப்பித்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் விபத்துப் புலனாய்வுப் பிரிவின் சோதனைப் பறப்புகள் காட்டின. நான்கு நொடி சின்ன நேரமில்லை. ஆனால் "உச்சியில் எண் குறைந்தால் வித்தையைக் கைவிடு" என்பது கைப்பழக்கமாக ஊறியிருந்தால்தான் அந்த நேரம் உதவும். விமானி வேறொரு வகை விமானத்துக்கான எண்களை நினைவிலிருந்து எடுத்திருக்கலாம் என்ற சாத்தியத்தையும் அறிக்கை பேசுகிறது. பழைய போர் விமானங்களை ஓட்டுபவர்கள் பலரும் வார இறுதிகளில் மூன்று நான்கு வகைகளை மாற்றி மாற்றி ஓட்டுபவர்கள். ஒரு வகையில் ஆயிரம் மணி நேரம் பறந்திருப்பதைவிட, இன்று ஓட்டப்போகும் வகையில் கடந்த சில வாரங்களில் எத்தனை முறை இதே வித்தையைச் செய்தார் என்பதுதான் முக்கியம்.

அப்படியானால் வயதுக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஆனால் அது வரும் வழி வேறு. அமெரிக்காவின் ரீனோவில் 2011 செப்டம்பர் 16இல் பந்தயத்துக்காக மாற்றியமைத்த பி-51 ஒன்று பார்வையாளர் பகுதியில் விழுந்து விமானியோடு சேர்த்து பதினொரு பேர் இறந்தார்கள். அது ஏர் ஷோ இல்லை, பந்தயம். ஆனாலும் அதன் பாடம் இங்கேயும் பொருந்தும். வால் பகுதியில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தகடான டிரிம் டேபைப் பிடித்திருக்கும் திருகாணிகளுக்குத் தானே இறுகிப் பிடிக்கும் நட்டு போடுவார்கள். அதன் உள்ளே இருக்கும் செருகு வளையம்தான் திருகாணியை அசையவிடாமல் பிடிக்கிறது. கழற்றிக் கழற்றி மாட்டினாலோ, காலத்தில் கெட்டுப்போனாலோ அந்தப் பிடி போய்விடும். அங்கே அதுதான் நடந்தது. திருகாணி தளர்ந்தது, ஒன்றில் விரிசல் ஓடியது, டேப் படபடவென்று அதிர ஆரம்பித்தது, இணைப்பு முறிந்தது. மூக்கு திடீரென்று மேலே தூக்கியதில் புவியீர்ப்பைப் போல் 17 மடங்குக்கு மேல் விசை விழுந்து விமானி நினைவிழந்தார். கையில் திருகும்போதே அந்த நட்டில் இறுக்கம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் தூக்கிப் போட்டுப் புதிது போட வேண்டும், அவ்வளவுதான்.

"நைன் ஓ நைன்" என்ற பி-17 கதையும் இதே மாதிரிதான். 2019 அக்டோபர் 2, கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையம். பத்துப் பயணிகள், மூன்று பணியாளர்கள், இறந்தவர்கள் ஏழு பேர். ஒன்பது சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின் ஒவ்வொன்றிலும் பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ இரண்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு மேக்னட்டோ போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதுதான் கணக்கு. நான்காவது எஞ்சினில் இடது மேக்னட்டோவின் வயர் கழன்று போய், அது வேலையே செய்யாமல் இருந்தது. வலது மேக்னட்டோ நான்கு சிலிண்டருக்குப் பலவீனமான பொறியைத்தான் கொடுத்தது, அல்லது அதுவும் இல்லை. பிளக்குகளின் இடைவெளி அளவை மீறியிருந்தது. மூன்றாவது எஞ்சினிலும் விசை குறைந்திருந்தது. வலது பக்கம் இரண்டும் இப்படி இருக்கும்போது சக்கரத்தைச் சீக்கிரமே இறக்கியதால் காற்றுத் தடை கூடியது, வேகம் போனது, ஓடுபாதைக்கு முன்னாலேயே விளக்குகளில் மோதியது. இதில் எண்பது வருஷத்து இரும்பு எங்கே குற்றவாளி? மேக்னட்டோ சோதனையை ஒழுங்காகச் செய்து, எஞ்சினின் சுழல்வேகம் (ஆர்பிஎம்) எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்திருந்தால் கோளாறு தரையிலேயே மாட்டியிருக்கும்.

நிஜமான முதுமை இறக்கைச் சட்டத்தில்தான் இருக்கிறது, அதுவும் தேடினால் கிடைக்கும். 2023இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எஃப்ஏஏ, பி-17 இறக்கைகளின் சட்ட மூட்டுகளைக் காந்தத் துகள் முறையில் சோதிக்க உத்தரவிட்டது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூட அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். அதுவரை விமானம் தரையில். முதுமையை இப்படித்தான் கையாள வேண்டும்.

எஞ்சின் விஷயத்தில் தரையிலேயே செய்ய வேண்டிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஆரவகை எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் வட்டமாகச் சுற்றி அமைந்த எஞ்சின், சில நாள் நின்றால் எண்ணெய் வடிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது முட்டி நின்றால் அழுத்தித் தள்ளக் கூடாது, பின்னோக்கியும் திருப்பக் கூடாது. கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிட வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு லேசாக வளையும். எஞ்சின் அன்றைக்கு ஓடும், பல மணி நேரம் கழித்து வானத்தில் முறியும்.

ஸ்பிட்ஃபயரில் பிரச்சினை வேறு. ரேடியேட்டர் இறக்கைக்குக் கீழே, புரொப்பெல்லர் காற்று சரியாகப் படாத இடத்தில் இருக்கிறது. இறங்கிய சக்கரக் கால் வேறு காற்றை மறைக்கிறது. தரையில் நிறுத்தி ஓடவிட்டால் சில நிமிடங்களில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் கொதிநிலைக்குப் போய்விடும். அதை வரிசையில் கடைசியாக நிறுத்திக் காக்கவைக்கும் அமைப்பாளர், விமானிக்கு இரண்டு தப்பான வழிகளைத்தான் விட்டுவைக்கிறார்: கொதிக்கும் எஞ்சினோடு மேலே போவது, அல்லது எல்லோர் முன்னாலும் அணைத்துவிட்டு வாய்ப்பை இழப்பது.

பயணிகள் விஷயத்தில் எனக்குத் துளியும் தயக்கமில்லை. பணம் வாங்கிக்கொண்டு இந்த விமானங்களில் ஆள் ஏற்றக் கூடாது. மணிக்குச் சுமார் 200 கேலன் குடிக்கும் பி-17ஐப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது, அதன் வலி தெரியாமல் இதைச் சொல்லவில்லை. ஆனால் 2018 ஆகஸ்ட் 4இல் சுவிட்சர்லாந்தின் பிஸ் செக்னாஸ் மலை அருகே ஜூ-52 என்ற பழைய விமானம் விழுந்தபோது இருபது பேர் இறந்தார்கள், அதில் பதினேழு பேர் டிக்கெட் வாங்கியவர்கள். மலைக்கணவாய்க்குள் ஆபத்தான உயரத்தில் விமானத்தைக் கொண்டுபோனதுதான் காரணம் என்றது விசாரணை. தன் ஆபத்தைத் தானே எடைபோட விமானிக்குத் தெரியும். சன்னலோரம் உட்கார்ந்து படம் எடுப்பவருக்கு எப்படித் தெரியும்?

இழப்பு உயிர்களோடு நின்றுவிடுவதில்லை. 1996 ஜூலை 21இல் இங்கிலாந்தின் பார்ட்டனில் விழுந்த மஸ்கிட்டோ என்ற மரத்தால் செய்த போர் விமானம், அன்று உலகில் பறக்கும் நிலையில் இருந்த கடைசி மஸ்கிட்டோ. உச்சியில், வேகம் குறைவாக இருந்த நேரத்தில், கார்புரேட்டர் கோளாறால் இடது எஞ்சின் விசை போனது. ஒரு பக்கம் மட்டும் விசை இழுத்தால் விமானம் சுழன்று போகும், மீட்க உயரம் இல்லை. இரண்டு பேர் இறந்தார்கள், அசல் மரமும் பசையும் போனது. "பிளாக் 6" என்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109, 1997இல் டக்ஸ்ஃபோர்டில் காட்சிப் பறப்பின்போது வயலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. விமானி பிழைத்தார், விமானம் பிறகு பறக்கவே இல்லை.

"நிறுத்திவைத்தால் எஞ்சின் செத்துவிடும், அதை ஓட்டத் தெரிந்தவர்களும் மறைந்துவிடுவார்கள்" என்று எதிர்வாதம் செய்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினின் சத்தத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது, நானும் அதைக் கேட்க விரும்புகிறவன். ஆனால் 2012இல் நியூசிலாந்தின் ஆர்ட்மோரில் ஒரு மஸ்கிட்டோ மறுபடி பறந்தது, புதிய அச்சுகளில் வார்த்த புது மரக்கூட்டோடு. அப்படிப் புதிதாகச் செய்தவை பறக்கட்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் மரமும் உலோகமும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் ஒற்றை விமானம் தரையில் இருக்கட்டும். 2015இல் வல்கன் எக்ஸ்எச்558 என்ற குண்டுவீச்சு ஜெட்டுக்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்ற நிறுவனங்கள் விலகியபோது அதை விழவைக்காமல் நிறுத்தினார்கள். அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை.

மற்றவை பறக்கலாம், இந்த நிபந்தனைகளோடு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி உயரம், எழுத்தில். வித்தை காட்டும் ஒவ்வொரு விமானத்துக்கும் நுழையும் வேகமும் உச்சி உயரமும் அட்டையில் எழுதி விமானியின் கண்முன் இருக்க வேண்டும். எண் வரவில்லையென்றால் கைவிட்டு நேராகப் பறந்து போக வேண்டும், அதற்காக அவரை யாரும் குறை சொல்லக் கூடாது. காட்சியின்போது அத்தியாவசியப் பணியாளர் தவிர ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது. காட்சிப் பாதைக்குக் கீழே நெடுஞ்சாலை வந்தால், ஒன்று சாலையை மூடு, இல்லையென்றால் பாதையை மாற்று.