பதினைந்து வருடம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள், எது நல்ல வண்டி என்று

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது குவாலிஸ், அப்புறம் இன்னோவா. இரண்டுமே டொயோட்டா. அதனால்தான் அந்தக் கம்பெனியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். பிடிக்கத்தான் செய்கிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2000-ல் குவாலிஸ் வந்தபோது முகம் சுளித்தவர்கள் நிறைய பேர். இந்தோனேசியாவில் 'கிஜாங்' என்ற பெயரில் ஓடிய பழைய மாடலை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பேச்சு. 2.4 லிட்டர் டீசல் இன்ஜின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளிச் சக்தியைக் கூட்டும் டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன். இப்போது அதில் பாதி அளவு இன்ஜினிலேயே அதைவிட அதிகம் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அது அத்தனை வருடம் உழைத்ததற்குக் காரணமே அந்த 75தான் என்பேன். அவ்வளவு பெரிய இன்ஜினைக் கசக்கிப் பிழியாமல் விட்டிருந்தார்கள். தனி சேஸிஸ் (லாரியில் இருப்பது போன்ற இரும்புச் சட்டம்) மேல் பாடி, பின்சக்கர டிரைவ், எலக்ட்ரானிக் சமாச்சாரம் மிகக் குறைவு. சின்ன ஊர் மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்ததும் தைரியமாகக் கை வைப்பார்.

நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005-ல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். 2.5 லிட்டர் டர்போ டீசல், 102 குதிரைத்திறன். பழைய இன்னோவா ஓட்டும் ட்ராவல்ஸ் டிரைவர்களிடம் பேசிப் பாருங்கள். நாலு லட்சம், ஐந்து லட்சம் கிலோமீட்டர் என்பதை ஒரு விஷயமாகவே சொல்ல மாட்டார்கள்.

அதற்காக, டொயோட்டா என்றால் எதுவும் செய்யாமல் ஓடும் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த 2.5 லிட்டர் இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைப்பது டைமிங் பெல்ட், செயின் கிடையாது. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் மீட்டரில் அதற்கென்றே ஒரு விளக்கு எரியும். அப்போது மாற்றியே ஆக வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும். பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிடவும் வழி இருக்கிறது. அதனால் பழைய இன்னோவா வாங்கப் போகிறவர்கள் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால், வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். பெல்ட் மாற்றும்போதே அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் மாற்றிவிடுவது நல்லது. வாட்டர் பம்ப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று ஸ்பேர் பார்ட்ஸ். உற்பத்தி நின்று இத்தனை வருடம் ஆன பிறகும் குவாலிஸுக்கு கிளட்ச் பிளேட், ஃபில்டர், பிரேக் ஷூ எல்லாம் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல இன்ஜின் போட்டும் பார்ட்ஸ் கிடைக்காமல் ஷெட்டில் தூங்கும் வண்டிகள் எத்தனை! மூன்று வருட வாரண்டிக்குள் நட்சத்திரம் போடும் விமர்சனங்களில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

2022-ல் வந்த இன்னோவா ஹைகிராஸில் தனி சேஸிஸும் இல்லை, பின்சக்கர டிரைவும் இல்லை, டீசலும் இல்லை. பெட்ரோல், இல்லையென்றால் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட், அவ்வளவுதான். ஓட்ட சுகமான வண்டி, மறுக்கவில்லை. ஹைப்ரிடில் டொயோட்டாவுக்கு 1997 பிரியஸ் காலத்திலிருந்தே அனுபவம் உண்டு. இருந்தாலும் பழைய இன்னோவாவுக்குக் கொடுத்த மரியாதையை இதற்கு இப்போதே கொடுக்க நான் தயாரில்லை. முதலில் நம் ஊர்ச் சாலையில் பதினைந்து வருடம் ஓடட்டும்.

பதினைந்து வருடம் என்றதும், அந்த வயதில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் புதுப்பிப்பது ஞாபகம் வருகிறது. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்று விதி போட்டார்கள். அந்த ஊர்க் காற்றின் நிலைமை புரிகிறது. ஆனாலும் வயதை மட்டும் பார்த்து வண்டியைக் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. புகையைச் சோதியுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள், கறாராகவே சோதியுங்கள். தேறாத வண்டியைத் தயங்காமல் உடைக்க அனுப்புங்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றி ஒழுங்காகப் பராமரித்த வண்டி அந்தச் சோதனையில் தேறினால், அதை ஓடவிடுங்கள்.